பதினெட்டு வயசோடு படிப்பு முடிஞ்சு போகுமா?

இது நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள். வழக்கமாக நான் போடும் பழைய பள்ளிக்கூடப் படங்கள் இதில் இல்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதுகிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் இப்போது அப்பா, அம்மா. அவர்களில் சிலரின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இருக்கிறது. போனில் பேசும்போது எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: “அஞ்சு வயசுக்குள்ள எல்லாப் பயிற்சியும் குடுத்திரணுமாம் டீச்சர். அதுக்கப்புறம் மூளை ஏத்துக்காதாம்.” இப்படிச் சொன்ன ஒருத்தியின் மகனுக்கு ஆறு வயசு. இன்னொருத்தியின் மகளுக்குப் பதினொன்று. வேறொருவனின் மகன் அடுத்த வருஷம் ஓட்டுப் போடப் போகிறான். மூன்று வீட்டிலும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களின் பயம் இருக்கிறது.

அந்தப் பேச்சு தப்பு என்பது என் கருத்து. அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. மீதிப் பாதியைப் பேச ஆளில்லாததால்தான் பதினெட்டு வயசு தாண்டிய பிள்ளைகள் வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் சொந்தக்காரர்களுக்காக ஒரு விளக்கம். ஆட்டிசம் என்பது நோயல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. பேசுவது, அடுத்தவரோடு பழகுவது, சத்தம், வெளிச்சம், தொடுதல் இவற்றை உணர்வது எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி இருக்கும். சிலர் சரளமாகப் பேசுவார்கள், காலேஜ் முடிப்பார்கள். சிலர் ஆயுசு முழுக்க வாய்திறந்து பேச மாட்டார்கள். உலக அளவில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்நூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் நாலைந்து பேர் இருப்பார்கள். அரசாங்கக் காகிதங்களில் மதியிறுக்கம் என்றும் புற உலகச் சிந்தனைக் குறைபாடு என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டு பெயருமே பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் மதி இறுகியும் இல்லை, புற உலகம் அவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. பல பேருக்கு அது தேவைக்கு மேலேயே உறைக்கிறது. தமிழில் படிக்க நினைப்பவர்கள் யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம் - சில புரிதல்கள்’, அவருடைய நாவல் ‘துலக்கம்’, லட்சுமி பாலகிருஷ்ணன் எழுதிய ‘எழுதாப் பயணம்’ மூன்றையும் வாங்கிப் படியுங்கள். பெற்றவர்களே எழுதியவை. நம்ம வீட்டு மொழியில் இருக்கின்றன.

சரி, அஞ்சு வயசு விஷயத்துக்கு வருகிறேன். சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றரை வயசில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விரலை நீட்டி எதையும் காட்டாத, வந்த நாலு வார்த்தையையும் இழந்துவிட்ட பிள்ளையை, “ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், இவங்க அப்பனும் அப்படித்தான்” என்று சொல்லி வைத்திருக்கக் கூடாது. 2013-ல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். நம்ம ஊர்க்காரர்கள் பெரியாஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள். காசு கிடையாது. கேட்காமலே தனியார் மையத்துக்கு ஓடுகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

ஆனால் ‘அஞ்சு வயசுக்குள்’ என்பது ஒரு கெடுவாக மாறியது எப்படி? அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியல் பேராசிரியர் 1987-ல் ஒரு கட்டுரை எழுதினார். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம், ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து பயிற்சி கொடுத்ததில் ஏறக்குறைய பாதிப்பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்தார்கள் என்றார். அந்தப் பாதிப்பேர் என்பது 19 பிள்ளைகளில் 9 பேர். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் அதைவிடக் குறைவாகவே இருந்தது. அவருடைய முறையில் அதட்டலும் அடியும்கூட இருந்தன. அப்படிப்பட்ட பயிற்சியில் வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்களே இன்று பெரியவர்களாகி அதை எதிர்த்துப் பேசுகிறார்கள். இதெல்லாம் நம்ம ஊர் விளம்பரப் பலகையில் வராது. ‘விரைவில் வாருங்கள்’ என்ற வரி மட்டும் வரும். வீட்டு வாடகையைவிட அதிகமாக மாசாமாசம் பயிற்சிக்குக் கட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு குடும்பம் நகையை வைத்து ஸ்டெம்செல் ஊசிக்குப் போயிற்று. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கது அல்ல என்று 2022-லேயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது. குணப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள் தாயி. வேறெதுவும் அவரிடம் கேட்க வேண்டாம்.

பணம் குறைவாக, பலன் நிச்சயமாக உள்ள ஒரு வழி இருக்கிறது. அது நம்ம நாட்டிலேயே சோதித்துப் பார்த்தது. கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் சேர்த்து இரண்டு முதல் ஒன்பது வயசு வரையுள்ள 65 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2016-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்தது. அதில் பயிற்சி கொடுத்தவர்கள் டாக்டர்களோ பெரிய நிபுணர்களோ இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெரும்பாலும் அவர்கள் பெற்றவர்களோடுதான் வேலை செய்தார்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதைச் செல்போனில் படம் பிடிப்பதுபோல் பிடித்து, அதை அம்மாவுக்கே போட்டுக் காட்டி, “இந்த இடத்தில் பிள்ளை உங்களைப் பார்த்தான், நீங்கள் அதைக் கவனிக்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள், பாருங்கள்” என்று சொல்லித் தருவது. ஆறு மாசத்தில் பன்னிரண்டு முறை. அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. ஆனால் பிள்ளைகள் தானாகத் தொடங்கி எதையாவது தெரிவிக்க முயல்வது கூடியது. வயசு வரம்பைக் கவனியுங்கள். ஒன்பது வயசு வரை சேர்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம அரவிந்த் கண் மருத்துவமனைதான் நினைவுக்கு வந்தது. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கினார். கண்ணாஸ்பத்திரி பெரிதானதற்குக் காரணம் டாக்டர்கள் மட்டுமில்லை. கிராமத்துப் பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனை முதல் ஆபரேஷன் உதவி வரை செய்ய வைத்தார்கள். டாக்டர் செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர் செய்தார். வாடிப்பட்டியிலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை தேடுகிற பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! ஊருக்கு ஒருவருக்கு இந்தப் பயிற்சி கொடுத்தால், வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி மதுரைக்கு வந்து அரை மணி நேரப் பயிற்சிக்குக் காத்திருக்கிற அம்மாக்களின் அலைச்சல் தீரும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இப்படித்தான் கிராமத்துப் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

பேச்சு பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பேசவில்லை என்றால் படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்கலாம். தண்ணீர்ப் படத்தை எடுத்துக் கொடுத்தால் தண்ணீர் கிடைக்கும். 1985-லிருந்து இந்த முறை இருக்கிறது. “படம் பழகிட்டா அப்புறம் பேச்சே வராது” என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. படத்தால் பேச்சு தடைபடுவதில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு வரவும் உதவுகிறது. கேட்கத் தெரியாத பிள்ளைதான் தலையை முட்டிக்கொள்கிறது, கடிக்கிறது. அதைப் பிடிவாதம் என்கிறோம். பல்வலியைச் சொல்ல வழி தெரியாத இருபது வயசுப் பையனுக்கும் இந்தப் படம் வேண்டும். அவனுக்கு வயசாகிவிட்டது என்று யாரும் அதை மறுக்க முடியாது.

இனி பள்ளிக்கூடம். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தது 1980-ல். அன்றைய உளவியல் பாடத்தில் ஆட்டிசம் என்ற சொல் கிடையாது. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்த காலத்தில் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பேரும் ஊரும் வேண்டாம். யாரோடும் சேர மாட்டான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். எங்கள் மணி தெரியும்தானே, மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. அதன் சத்தம் எதிர்பாராமல் வருவதுதான் அவனை உலுக்குகிறது என்று எனக்குத் தோன்றியது. மணி அடிக்கிற வேலையை அவனிடமே கொடுத்தேன். தானே அடித்தால் சத்தம் எப்போது வரும் என்று தெரியும் அல்லவா? மூன்றாம் நாளிலிருந்து பெஞ்சுக்கு அடியில் போவது நின்றது. அவனுக்குப் பஸ் நம்பர் என்றால் உயிர். பெரியார் நிலையத்திலிருந்து எங்கள் பக்கம் வருகிற பஸ் அத்தனையும் நேரத்தோடு சொல்வான். பழைய டிக்கெட்டுகளைச் சேர்த்துவைத்துக் கழித்தல் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். ஸ்லேட்டில் எழுதினால் பார்க்கவே மாட்டான், டிக்கெட்டைக் கொடுத்தால் விடை வரும். அன்றைக்கு அவன் குறைக்குப் பேர் யாருக்கும் தெரியாது. ஊரில் வேறு பேர்கள் வைத்திருந்தார்கள், அதை எழுத மனசில்லை.

இதையே பெரிய ஆட்கள் முறைப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ரிட்டயர் ஆன பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலத்தில் ஷாப்ளர் என்ற பேராசிரியர் உருவாக்கிய திட்டம், 1972-லிருந்து மாநில அரசின் திட்டமாகவே நடக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி படமாகவோ எழுத்தாகவோ வைப்பது, வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெளிவாகக் காட்டுவது, பிள்ளைக்குப் பிடித்ததிலிருந்து பாடத்தைத் தொடங்குவது. இதற்கு ஏசி அறை வேண்டாம். ஒரு காலண்டர் அட்டையும் நாலு படமும் போதும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தத் திட்டம் பள்ளிப் பருவத்தோடு நிற்கவில்லை. நடைபழகும் பிள்ளையிலிருந்து வேலைக்குப் போகும் பெரியவர் வரை ஒரே அமைப்பு கூட வருகிறது.

நம்ம சட்டமும் மோசமில்லை. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த ஏழு வகையில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகை, அதில் ஆட்டிசம் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு ஆறு வயசு முதல் பதினெட்டு வயசு வரை இலவசக் கல்வி, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, பெற்றவர்கள் விரும்புகிறபடி. எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் நடப்பது என்ன? என் மாணவி ஒருத்தி தன் மகளைச் சேர்த்த தனியார் பள்ளியில் (பேர் வேண்டாம்) யாரும் டி.சி. கொடுக்கவில்லை. “மத்தப் பேரன்ட்ஸ் கம்ப்ளைன்ட் பண்றாங்க, நீங்களே யோசிங்க” என்று வாரம் ஒரு முறை போன் செய்தார்கள். மூன்று மாசத்தில் அவளே வந்து வாங்கிக்கொண்டாள். காகிதத்தில் யாரும் வெளியேற்றவில்லை.

அரசுப் பள்ளியில் அந்த விரட்டல் கிடையாது. அங்கே ஆள் பற்றாக்குறை. வட்டார வள மையத்திலிருந்து வருகிற சிறப்பாசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளைத் தலையில் சுமந்துகொண்டு, ஸ்கூட்டியில் வெயிலில் அலைகிறவர்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் வந்து போகிறவரால் என்ன செய்ய முடியும்? தொடக்க வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச்சில், எத்தனை பணியிடம் என்று அறிவித்து நிரந்தரமாக நியமியுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் மறுபடியும் உத்தரவிட்டது. என்னிடம் படித்தவர்களில் சங்கங்களில் இருப்பவர்கள், கட்சியில் இருப்பவர்கள், பத்திரிகையில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். எந்த ஒன்றியத்தில் எத்தனை பேர் நியமிக்கப்பட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்களேன். பத்து ரூபாய்ச் செலவு.

பன்னிரண்டு, பதிமூன்று வயசில் வருகிற பாடம் ஒன்று உண்டு. எந்தப் பயிற்சி மையத்தின் பட்டியலிலும் அது முதலில் வராது. குளியலறைக் கதவைச் சாத்துவது, உள்ளாடை மாற்றுவது, மாதவிலக்கு நாளில் பஞ்சுத்துணி வைப்பது, முகச்சவரம், யார் எங்கே தொடலாம், தொட்டால் எப்படி மறுப்பது. பேசாத பெண்பிள்ளை வைத்திருக்கிற அம்மாக்கள் இதை நினைத்துத் தூங்குவதில்லை. கூச்சப்படாமல் பத்து வயசிலேயே படம் வைத்துப் பழக்கத் தொடங்குங்கள். ஏ, பி, சி, டி எழுதுவதைவிட இது முக்கியம் என்று அடித்துச் சொல்வேன்.

இப்போது பதினெட்டுக்கு வருகிறேன். சட்டம் சொன்ன இலவசக் கல்வி அந்தப் பிறந்தநாளோடு முடிகிறது. கல்லூரியில் 5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அரசு வேலையில் உள்ள 4 சதவீதத்தில் ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம் உண்டு. அது படிப்பில் அந்த அளவுக்கு வந்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு? காலையில் வேன் வராது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளையிடம், இனிமேல் ஸ்கூல் இல்லை என்று எப்படிப் புரியவைப்பது? பன்னிரண்டு வருஷமாகப் பழகிய ஒழுங்கு ஒரே நாளில் போகிறது. கற்றதெல்லாம் ஒவ்வொன்றாக மறக்கிறது. பெற்றவர்களும் ஐம்பதைத் தொட்டிருப்பார்கள், முட்டி வலிக்கிறது, கையிருப்பு எல்லாம் முதல் ஐந்து வருஷப் பயிற்சியிலேயே கரைந்திருக்கும். இதனால்தான் அந்த ‘அஞ்சு வயசு’ பயமுறுத்தலின் மேல் எனக்குக் கோபம். எண்பது வருஷம் ஓட வேண்டிய வண்டிக்கான பெட்ரோலை முதல் தெருவிலேயே தீர்க்கச் சொல்கிறார்கள்.

பதினெட்டுக்குப் பிறகு மூளை ஏற்காது என்பதற்கு நேர் எதிரான சாட்சி, ஆட்டிசத்தின் முதல் ஆளே. லியோ கானர் என்ற டாக்டர் 1943-ல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்த நிலை முதலில் விவரிக்கப்பட்டது. அதில் முதலாவது பிள்ளை அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த டொனால்டு டிரிப்லெட். நாலு வயசு ஆகும் முன்பே அவரைக் கொண்டுபோய் ஒரு விடுதியில் விடச் சொன்னார்கள், பெற்றவர்களும் விட்டார்கள். ஒரு வருஷத்தில் மனசு கேட்காமல் திருப்பிக் கூட்டி வந்தார்கள். பிறகு சில காலம் ஒரு விவசாயி வீட்டில் வளர்ந்தார். அவருக்கு எண்ணுவதில் வெறி. அந்த விவசாயி அதைத் தடுக்கவில்லை, சோள வரிசையை எண்ணிக்கொண்டே ஏர் ஓட்டச் சொன்னார். டொனால்டு பள்ளி முடித்தார், 1958-ல் கல்லூரியில் பட்டம் வாங்கினார், ஊர் வங்கியில் அறுபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். கோல்ஃப் பழகியது 23 வயசில். கார் ஓட்டக் கற்றது 27 வயசில். அதன் பிறகு தனியாக ஊர் உலகமெல்லாம் சுற்றினார். 2023-ல், 89 வயசில் இறந்தார்.

அந்த வங்கி அவர் அம்மா வீட்டாருடையது. அதை மறைக்கக் கூடாது. நம்மில் யாருக்கு வங்கி வைத்திருக்கும் தாத்தா இருக்கிறார்? ஆனால் அந்த விவசாயிக்குச் செலவு ஒன்றும் ஆகவில்லையே. கானர் 28 வருஷம் கழித்து, 1971-ல், அந்தப் பதினொரு பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து எழுதினார். அரசு மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் சின்ன வயசில் இருந்த திறமையையும் இழந்து ஒடுங்கிப் போயிருந்தார்கள். அவர்களுக்கு அது ஆயுள் தண்டனை மாதிரி ஆயிற்று என்று அவரே வருந்தி எழுதினார். ஒரே டாக்டர் பார்த்த பிள்ளைகள்தான் அத்தனை பேரும்.

நம்ம பக்கமும் அந்த விவசாயி மாதிரி ஆட்கள் உண்டு. சோழவந்தான் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். யார் முகத்தையும் பார்க்க மாட்டார், பேச்சு இரண்டு வார்த்தை. இலையை எண்ணி அடுக்கிக் கவுளி கட்டுவது அவர் வேலை. ஓர் இலை கூடாது, குறையாது. அவருக்கு எந்த டாக்டரும் எந்தப் பேரும் வைத்ததில்லை, நானும் வைக்கப் போவதில்லை. எனக்குப் பிடித்தது கொடிக்கால்காரர் செய்திருந்த ஏற்பாடு. அவர் உட்காரும் இடம் தினமும் அதே வேப்ப மரத்தடி. சாப்பாட்டு நேரம் மாறாது. புது ஆள் வேலைக்கு வந்தால் முதல் நாளே, “அண்ணன்கிட்ட பின்னால இருந்து கூப்பிடாதீங்க, முன்னால வந்து நில்லுங்க” என்று சொல்லிவிடுவார். நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயம், ஏழாம் வகுப்புப் படித்தவர் தானாகக் கண்டுபிடித்துச் செய்துகொண்டிருந்தார்.

எல்லாப் பிள்ளையும் டொனால்டு ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆயுசு முழுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் கற்க இருக்கிறது. முப்பது வயசில் ஒருவர் தானாகச் சோறு பிசைந்து சாப்பிடப் பழகினால் அது படிப்பு. பஸ்ஸில் ஏறி எந்த நிறுத்தம் என்று அட்டையைக் காட்டினால் அது படிப்பு. குக்கரில் அரிசி வைப்பது, கடையில் சில்லறை வாங்கிப் பையில் போடுவது, கோபம் வரும்போது மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வது எல்லாம் படிப்பு. ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் வருவது அவர்களுக்கு ஒரு வருஷம் எடுக்கலாம். எடுக்கட்டுமே. அறிவொளி இயக்கக் காலத்தில் அறுபது வயசுப் பாட்டிகளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்த மாவட்டங்கள்தானே இவை? அப்போது யாரும் வயசு கேட்கவில்லை.

பெற்றவர்கள் என்னிடம் கடைசியாகக் கேட்பது, “எங்களுக்கப்புறம்?” என்பதுதான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதி வேலையையாவது இப்போதே செய்யலாம். பதினெட்டு முடிந்துவிட்டால் பெற்றவர்கள்கூட அந்தப் பிள்ளைக்குத் தானாகச் சட்டப்படிப் பாதுகாவலர் ஆக முடியாது. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. பாதுகாவலர் தேவைப்படுகிறவர்களுக்கு அங்கே விண்ணப்பித்து வாங்க வேண்டும். எல்லாருக்கும் தேவைப்படாது, தானே முடிவெடுக்கத் தெரிந்தவரின் கையைக் கட்டிவிடாதீர்கள். அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் வருஷம் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு, பயிற்சிச் செலவும் அதில் வரும். இதற்கெல்லாம் முதல் படி தேசிய அடையாள அட்டை. ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். “அட்டை வாங்கினா முத்திரை குத்திருவாங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு இடைஞ்சல்” என்று தள்ளிப்போடுகிற வீடுகள் நம்ம சொந்தத்திலேயே இருக்கின்றன. யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

சொந்தக்காரர்களே, உங்களோடு கொஞ்சம் பேசணும். காதுகுத்து, கெடாவெட்டு, சடங்கு என்று கூப்பிடுகிறீர்கள். அந்தக் குடும்பம் வருவதில்லை, “கர்வம் பிடிச்சிருச்சு” என்கிறீர்கள். மைக்செட்டைப் பந்தலுக்குள்ளேயே கட்டியிருந்தால் அந்தப் பிள்ளை எப்படி வரும்? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நமக்கு மெய்சிலிர்க்கிற அதே வேட்டும் மேளமும் கூட்டமும் அந்தப் பிள்ளைக்குத் தோலை உரிக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் முன்னதாகக் கூப்பிடுங்கள். ஒரு ரூமை ஒதுக்கிக் கொடுங்கள். “மாமாவுக்கு முத்தம் குடு, அத்தை பேர் என்ன சொல்லு” என்று பரீட்சை வைக்காதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். கன்னத்தைக் கிள்ளவே கிள்ளாதீர்கள். “யார் வீட்டு வழி?” என்று மருமகளை ஜாடையாகப் பேசுகிற பெரிய மனுஷிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளையைக் கொஞ்சாத தாயால்தான் இது வருகிறது என்று ஒரு காலத்தில் அமெரிக்க டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பொய் என்று தெரிந்து அறுபது வருஷம் ஆகப் போகிறது. நீங்களும் விடலாம்.

கடைசியாக ஓர் உதவி. பதினெட்டு தாண்டிய ஆறேழு பிள்ளைகளின் பெற்றோர் எனக்குத் தொடர்பில் இருக்கிறார்கள். உங்களில் அச்சகம் வைத்திருப்பவர்கள், நர்சரி, ஜவுளிக்கடை, கேட்டரிங், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் மதுரையிலும் திருமங்கலம், வாடிப்பட்டி பக்கமும் இருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், ஒரே இடம், ஒரே மாதிரி வேலை. அட்டைப்பெட்டி மடிப்பது, விலைச்சீட்டு ஒட்டுவது, துணி மடித்து அடுக்குவது, நாற்றுப் பையில் மண் நிரப்புவது, இந்த மாதிரி. சம்பளம் சிறிதாக இருந்தாலும் கையில் கொடுக்க வேண்டும், இனாம் வேண்டாம். முதல் ஒரு மாசம் வேலையைப் படமாகப் பிரித்துச் சொல்லித் தர நானே வந்து உட்காருகிறேன். கூடவே அந்தப் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். முடிகிறவர்கள் இங்கே கமெண்டில் எழுத வேண்டாம், உள்பெட்டியில் கடை எங்கே, எந்த நேரம் சத்தம் குறைவு என்று மட்டும் எழுதுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போன் எடுப்பேன்.